சொந்தக் கைத்துப்பாக்கியை விற்பது எப்படி: உரிமம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயதாகிவிட்டது, ஊர் மாறுகிறோம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், புதியது வாங்க வேண்டும் என்று ஏதோ ஒரு காரணத்தால் உரிமத்தில் உள்ள ரிவால்வரையோ பிஸ்டலையோ கைமாற்ற நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. பதில்கள் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டவை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், அதன் 2019 திருத்தம், 2016-இன் படைக்கல விதிகள் ஆகியவையே அடிப்படை. அலுவலக நடைமுறை பற்றிச் சொல்லும் இடங்களில் தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

என் துப்பாக்கியை நானே இன்னொருத்தருக்கு விற்கலாமா? டீலர் மூலமாத்தான் போகணுமா?

நீங்களே விற்கலாம். துப்பாக்கி வியாபாரம் செய்யத்தான் தனி உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருப்பதை, அதை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்க வியாபார உரிமம் தேவையில்லை என்று படைக்கலச் சட்டத்தின் பிரிவு 5(2) சொல்கிறது. ஆனால் அதே பிரிவு இரண்டு நிபந்தனைகள் போடுகிறது. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாட்கள் கழிய வேண்டும்.

டீலரிடம் கொடுப்பதும் ஒரு வழி. விலை குறையும், அல்லது கமிஷன் போகும். பதிலுக்கு ஆள் தேடும் வேலையும், வந்தவரின் உரிமத்தைச் சரிபார்க்கும் வேலையும் அவர் தலையில் விழும். தெரிந்த வட்டத்தில் வாங்க ஆள் இல்லாதவர்களுக்கு டீலரே நல்லது என்பது எங்கள் கருத்து.

யார்கிட்ட எழுதிக் கொடுக்கணும்? கலெக்டரா, போலீஸ் ஸ்டேஷனா?

மாவட்ட நடுவரிடமோ, அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ தெரிவிக்கலாம் என்கிறது சட்டம். மாவட்டங்களில் அந்த நடுவர் மாவட்ட ஆட்சியர்தான். சென்னை போல காவல் ஆணையர் உள்ள நகரங்களில், சட்டத்தின் வரையறைப்படியே காவல் ஆணையர் அந்த இடத்தில் இருக்கிறார்.

இரண்டில் ஒன்று போதும் என்றாலும் இரண்டு இடத்திலும் கொடுத்துவிடுங்கள். உரிமக் கோப்பு இருப்பது ஆட்சியர் அல்லது ஆணையர் அலுவலகத்தில். விசாரணைக்கு ஆள் வருவது காவல் நிலையத்திலிருந்து. ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால், மறுபக்கம் அதைக் கேள்விப்படவே மாதக்கணக்கில் ஆகலாம்.

கடிதத்துல என்னென்ன எழுதணும்?

சட்டம் கட்டாயமாகக் கேட்பது விற்கும் எண்ணமும், வாங்குபவரின் பெயர், முகவரியும்தான். கோப்பு நகர வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வேண்டும்: உங்கள் உரிம எண்ணும் தனி அடையாள எண்ணும் (தேசியத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு உரிமத்துக்கும் தரப்படும் எண்), உரிமம் முடியும் தேதி, துப்பாக்கியின் வகை, துளை அளவு (.32 போல, குழாயின் உள் அளவு), தயாரிப்பாளர், உடலில் பொறித்துள்ள எண், உடன் கொடுக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கை, வாங்குபவரின் உரிம எண், அதை வழங்கிய அலுவலகம். இரண்டு உரிமங்களின் நகலையும், உங்களுக்கு இந்தத் துப்பாக்கி வந்த ரசீதின் நகலையும் இணையுங்கள்.

எண்ணை உரிமத்தைப் பார்த்து எழுதாதீர்கள், துப்பாக்கியைப் பார்த்து எழுதுங்கள். பிறகு உரிமத்தோடு ஒப்பிடுங்கள். பழைய கையெழுத்து உரிமங்களில் 1 என்பது 7 ஆகவும், 3 என்பது 8 ஆகவும் மாறியிருப்பதுண்டு. விற்கும்போதுதான் அது வெளியே வரும். அப்படி இருந்தால் முதலில் திருத்தம், பிறகுதான் விற்பனைக் கடிதம்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளை நம்பித்தான் அடுத்த பதில் இருக்கிறது.

45 நாள் எந்தத் தேதியிலிருந்து? கொஞ்சம் முன்னாடி கொடுத்தா என்ன?

தகவல் கொடுத்த தேதியிலிருந்து. பேச்சு முடிந்த தேதியும், முன்பணம் வாங்கிய தேதியும் கணக்கில் வராது. ஜூன் 1 அன்று முத்திரை விழுந்தால் ஜூலை 16 அன்று 45-ஆவது நாள் முடிகிறது. ஜூலை 17-க்கு முன் துப்பாக்கி உங்கள் வீட்டை விட்டு நகரக் கூடாது. இடையில் வாங்குபவர் மாறினால் பழைய கடிதம் பயன்படாது. புதுப் பெயருக்குப் புதுக் கடிதம், புது 45 நாள்.

தகவல் தராமலோ, கெடுவுக்கு முன்னரோ கைமாற்றினால் பிரிவு 25(3)-இன் கீழ் 6 மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 500 ரூபாய்தானே என்று சிரிக்க வேண்டாம். உரிம நிபந்தனையை மீறியவர் என்று கோப்பில் ஏறினால் அடுத்த புதுப்பித்தல் அங்கேயே நின்றுவிடும்.

45 நாள் முடிஞ்சும் ஆபீஸ்ல இருந்து பதிலே இல்லை. வித்துடலாமா?

அதிகம் குழப்பும் கேள்வி இது. பிரிவு 5(2) கேட்பது தகவல், அனுமதி அல்ல. அந்தப் பிரிவை மட்டும் வைத்துப் பார்த்தால் கெடு முடிந்ததும் விற்பனைக்குத் தடை இல்லை. ஆனால் அலுவலகங்களில் எல்லோரும் பேசுவது தடையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி. பற்றி. அது இல்லாமல் வாங்குபவரின் உரிமத்தில் துப்பாக்கியைப் பதிய மறுத்தால், பணம் கொடுத்தவர் பதிவில்லாத ஆயுதத்தோடு நிற்பார். உங்கள் உரிமத்திலிருந்தும் அது நீங்காது.

அதனால் 45 நாள் கழிந்ததும் ஒரு நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். முதல் கடிதத்தின் முத்திரைத் தேதியைக் குறிப்பிட்டு, விற்பனையைப் பதிவு செய்ய ஆட்சேபம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை துப்பாக்கியைக் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். வாங்குபவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்துக்கு என்ன காரணம் என்று விசாரிப்பதில் தவறில்லை.

வாங்குறவர் தன்கிட்ட லைசென்ஸ் இருக்குன்னு சொல்றார். அது போதாதா?

போதாது. ஒருவருக்கு வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா என்று முன்னதாக உறுதி செய்யாமல் ஆயுதத்தை ஒப்படைப்பதே பிரிவு 29-இன் கீழ் குற்றம். உரிமமே இல்லாதவருக்கு விற்றால் நிலைமை இன்னும் மோசம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 5-ஐ மீறிய விற்பனைக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம்.

அசல் உரிமத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். படமும் பெயரும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது. தனி அடையாள எண் இருக்க வேண்டும். ஏற்கெனவே எத்தனை ஆயுதம் பதிவாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். இப்போது ஒருவருக்கு உச்சவரம்பு இரண்டு. உரிமம் கிடைத்து இன்னும் ஆயுதம் வாங்காதவர் என்றால், வாங்குவதற்குக் குறித்த கெடு தாண்டிவிட்டதா என்று பாருங்கள். 45 நாள் காத்திருப்பதற்குள் அந்தக் கெடு முடிந்து போகும் வாய்ப்பு உண்டு. முடிவதாக இருந்தால் முதலில் அவர் நீட்டிப்பு வாங்கட்டும்.

போலி லைசென்ஸா இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தாளை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உரிமத்தை வழங்கிய அலுவலகத்துக்கு எழுதியோ, நேரில் போயோ அந்த எண் அந்த ஆளுக்குத்தான் வழங்கப்பட்டதா, நடப்பில் உள்ளதா என்று கேட்க வேண்டும். தொலைபேசி எண்ணை வாங்குபவரிடம் கேட்டு வாங்காமல், அந்த மாவட்டத்தின் அரசு இணையதளத்தில் எடுங்கள். நாடு முழுவதும் உள்ள உரிமங்கள் தேசியப் படைக்கல உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் தரப்படுகிறது. உங்கள் உரிம அலுவலகமே அதில் பார்க்க முடியும். கடிதத்தில் வாங்குபவரின் அடையாள எண்ணை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

முத்திரையும் கையெழுத்தும் உண்மையாகவே இருந்தும் உரிமம் கேள்விக்குள்ளாவது உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியில்லாதவர்களுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. வழக்கு நடத்தியது ஊரறிந்த செய்தி. ஆளுக்குத் தொடர்பே இல்லாத தூரத்து மாவட்டத்தில் வாங்கிய உரிமம் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

ரெண்டுமே .32 தானே? ரிவால்வர், பிஸ்டல்னு எதுக்குப் பிரிச்சுப் பார்க்கணும்?

உரிமத்தில் "ரிவால்வர்" என்று மட்டும் இருந்தால் அதை வைத்து பிஸ்டல் வாங்க முடியாது. "ரிவால்வர்/பிஸ்டல்" என்று இருந்தால் சிக்கல் இல்லை. வேறு மாதிரி இருந்தால் வாங்குபவர் முதலில் தன் அலுவலகத்தில் மாற்றம் கேட்க வேண்டும்.

தோட்டாவும் வேறு. கான்பூரில் தயாராகும் அரசு ரிவால்வர்கள் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வகைத் தோட்டாவைச் சுடுபவை. அஷானி போன்ற .32 பிஸ்டல்களுக்கு வேண்டியது .32 ஏ.சி.பி., அதாவது 7.65 மில்லிமீட்டர். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் அறைக்குள், அதாவது தோட்டா உட்காரும் குழிக்குள், நுழைந்துவிடும். நுழைகிறது என்பதற்காகச் சுடக் கூடாது. அழுத்தமும் விளிம்பின் அளவும் வேறு. எந்தத் தோட்டா என்பதை விற்பனைத் தாளில் முழுப் பெயரோடு எழுதிவிடுங்கள்.

தாத்தா ராணுவத்துல இருந்தார். அவரோட பழைய வெப்லி ரிவால்வர் இருக்கு. அதை விற்க முடியுமா?

முதலில் துளை அளவைப் பாருங்கள். அந்தக் காலத்து வெப்லி, என்ஃபீல்டு ரிவால்வர்கள் பல .455 அல்லது .380 விளிம்புத் தோட்டா சுடுபவை. ராணுவச் சேவை 9 மி.மீ. தோட்டா சுடும் பிஸ்டல்களைப் போலவே இவையும் தடைசெய்யப்பட்ட துளை வகையில் வருகின்றன. அவற்றுக்கு உரிமம் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். சாதாரண .32 உரிமம் வைத்திருப்பவருக்கு நீங்கள் விற்க முடியாது.

.32 வெப்லி என்றால் நிலைமையே வேறு. 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி ஏறக்குறைய அடைக்கப்பட்டுவிட்டதால், பதிவு ஒழுங்காக உள்ள பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நல்ல விலை உண்டு. அதனாலேயே ஏமாற்றுபவர்களும் இந்தப் பக்கம்தான் அதிகம் வருகிறார்கள்.

ஃபேஸ்புக், ஓ.எல்.எக்ஸ்.ல போடலாமா? விலை எப்படி வைக்கிறது?

பெரிய விளம்பரத் தளங்கள் துப்பாக்கி விற்பனையை அனுமதிப்பதில்லை. போட்டாலும் தூக்கிவிடுவார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்கே சொன்னதாகிவிடும். துப்பாக்கி சுடும் சங்கத்தில் உள்ளவர்கள், டீலர், உரிமம் உள்ள உறவினர்கள் என்று தெரிந்த வட்டத்தில் விசாரியுங்கள். படம் அனுப்பினால் எண்ணும் வீட்டுப் பின்னணியும் தெரியாதபடி எடுங்கள். விலைக்கு இரண்டு டீலர்களிடம் கேட்டாலே ஓரளவு பிடிபடும்.

பார்க்க வர்றாங்க. எப்படிக் காட்டணும்? சுட்டுப் பார்க்கணும்னு கேட்டா?

தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்து வாருங்கள். ரிவால்வரின் உருளையைத் திறந்து எல்லா அறைகளின் வழியாகவும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிஸ்டலில் முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். வரிசை மாறினால், இழுத்துவிட்ட ஸ்லைடு மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிவிடும். மேகசினை அதன்பின் கழற்றிவிட்டு "காலி" என்று நினைத்து விசையை இழுப்பதில்தான் விபத்துகள் நடக்கின்றன. ஸ்லைடைப் பின்னால் பூட்டி, அறையைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள். வந்தவரும் அதையே செய்யட்டும்.

சுட்டுப் பார்ப்பது அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும். தோப்பு, கிணற்றடி, மொட்டை மாடி எதுவும் வேண்டாம். உருளை பூட்டிய நிலையில் ஆடுகிறதா, குழாயின் உள்வரிகள் தேய்ந்திருக்கின்றனவா, சுடும் ஊசி பழுதா என்று உங்களுக்குத் தெரிந்த குறைகளை விற்பனைத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

மிச்சத் தோட்டா, கூடுதல் மேகசின் எல்லாம் நானே வச்சுக்கலாமா?

துப்பாக்கி போன பிறகு அந்தத் துளை அளவுத் தோட்டாவை வைத்திருக்க உங்களுக்குக் காரணம் கிடையாது. வாங்குபவரின் உரிமம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் அவருக்கே கொடுங்கள். அதுவும் முதல் கடிதத்தில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மீதியை டீலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். சட்டத்தில் "துப்பாக்கி" என்பதில் அதன் பாகங்களும் அடக்கம். கூடுதல் குழாய், உருளை, மேகசின் எல்லாம் துப்பாக்கியோடு போகட்டும், எழுத்தில் ஏறிப் போகட்டும்.

நான் வெளியூர்ல இருக்கேன். பையனோ டிரைவரோ கொண்டு போய்க் கொடுக்கலாமா?

கூடாது. உரிமதாரரின் எழுத்து அதிகாரத்தோடு இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்ற விலக்கு பிரிவு 3-இல் உண்டு. ஆனால் அது பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்த என்ற மூன்று காரணங்களுக்குத்தான். விற்று ஒப்படைப்பது அதில் இல்லை. கூரியர், பஸ் பார்சல் பற்றிப் பேச்சே வேண்டாம். நீங்கள் நேரில் வர வேண்டும். முடியாவிட்டால் ஊரில் இருக்கும்போதே டீலரிடம் வைப்பு செய்து, அவர் வழியாக விற்க ஏற்பாடு செய்யுங்கள்.

கொடுக்கிற அன்னைக்கு என்ன செய்யணும்?

பகலில், டீலர் கடையிலோ காவல் நிலையத்திலோ சந்திப்பது நல்லது. பணம் வங்கி வழியாக வரட்டும். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதற்குக் குறைவான தொகையிலும் வங்கிப் பதிவுதான் உங்களுக்குச் சாட்சி.

விற்பனைத் தாளில் இருவரின் உரிம விவரம், துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் வகையும் எண்ணிக்கையும், தொகை, தேதி, கைமாறிய நேரம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கட்டும். நேரம் எதற்கு என்று கேட்பார்கள். அன்று மாலையே ஏதாவது நடந்தால், யார் கையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

கொடுத்தாச்சு. என் லைசென்ஸ் என்ன ஆகும்?

அடுத்த ஓரிரு நாளில் விற்பனைத் தாளின் நகலோடு உரிம அலுவலகம் போய், துப்பாக்கியை உங்கள் உரிமத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். உரிமப் புத்தகத்தில் நீக்கம் எழுதி முத்திரையிடுவது ஒன்று, தேசியத் தரவுத்தளத்தில் மாற்றுவது மற்றொன்று. இரண்டும் நடந்ததா என்று பாருங்கள். புத்தகத்தில் மட்டும் நீக்கிக் கணினியில் விட்டுவிட்டால், தேர்தல் நேரத்தில் "துப்பாக்கியை ஒப்படையுங்கள்" என்று உங்களுக்கே அழைப்பு வரும். வாங்கியவர் தன் உரிமத்தில் பதிந்த பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வேறு வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கான கெடுவை எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் உரிமத்தை ஒப்படைத்து ரத்துச் செய்துகொள்ளலாம்.

அப்பா இறந்துட்டார். அவர் ரிவால்வர் பீரோவுல இருக்கு. நான் விற்கலாமா?

உரிமம் அவர் பெயரில். அவர் போன பிறகு அது உங்கள் பீரோவில் இருப்பதே சட்டத்துக்குப் புறம்பு. பிரிவு 21-இன்படி தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ வைப்பு செய்து ரசீது வாங்குங்கள். காரியங்கள் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடும் குடும்பங்கள் அதிகம். அந்த இடைவெளியில் திருடு போனால் பதில் சொல்வது கடினம்.

வைப்பு செய்த பிறகு வாரிசுக்கு இரண்டு உரிமை உண்டு: தன் பெயரில் உரிமம் பெற்றுத் திரும்ப வாங்குவது, அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கச் சொல்லிப் பணத்தைப் பெறுவது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் தயாராக இருக்கட்டும். குறித்த காலத்துக்குள் ஒன்றும் செய்யாவிட்டால் துப்பாக்கி அரசுக்குப் பறிமுதல் ஆகும்.

அப்பா இருக்கார், 74 வயசு. எனக்கு வித்ததா எழுதிக்கலாமா?

விற்பனை தேவையில்லை. உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் நியமிக்கும் சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் கோரலாம் என்று 2016 விதிகள் இடம் தருகின்றன. உங்களுக்கு விசாரணை, பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. உரிமம் வரும்வரை துப்பாக்கி அப்பாவிடமே இருக்க வேண்டும். இரண்டு என்ற உச்சவரம்பு வாரிசு உரிமத்துக்கும் பொருந்தும்.

என்கிட்ட மூணு இருக்கு. ஒண்ணை மெதுவா விற்கலாம்னு இருக்கேன்.

மெதுவாக என்பதற்கு இப்போது இடமில்லை. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் வரம்பை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒப்படைக்க ஓர் ஆண்டு அவகாசம் இருந்தது, அது எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் வீட்டில் இருந்தால், வழக்கறிஞரிடம் பேசிவிட்டு உடனே வைப்பு செய்யுங்கள். விற்பனை அதற்குப் பிறகுதான்.

நடுவுல தேர்தல் வந்துடுச்சு, துப்பாக்கியை ஸ்டேஷன்ல வாங்கி வச்சுட்டாங்க. 45 நாள் ஓடுமா?

ஓடும். கெடு தகவல் கொடுத்த தேதியோடு கட்டப்பட்டது, துப்பாக்கி இருக்கும் இடத்தோடு அல்ல. ஆனால் தேர்தல் முடிந்து திருப்பித் தரும்வரை ஒப்படைக்க முடியாது. ஒப்படைத்த ரசீதில் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரும்ப வாங்கும்போது அதே துப்பாக்கிதானா என்றும் பாருங்கள். ஒரே மாதிரி ரிவால்வர்கள் வரிசையாக இருக்கும் அலமாரி அது.

45 நாள் முடியறதுக்குள்ள என் லைசென்ஸ் காலாவதி ஆகுது. விட்டுடலாமா? எப்படியும் விற்கத்தானே போறேன்.

விடக் கூடாது. காலாவதியான நாளிலிருந்து உங்களிடம் இருப்பது உரிமமில்லாத ஆயுதம். பிரிவு 5(2) தரும் சலுகை சட்டப்படி வைத்திருப்பவருக்குத்தான். புதுப்பிக்க விண்ணப்பித்து ஒப்புகை வைத்திருங்கள். அல்லது தேதிக்கு முன்பே டீலரிடம் வைப்பு செய்து, அங்கிருந்து விற்றுக்கொள்ளுங்கள்.

வாங்குறவர் வேற மாநிலம். வந்து எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொல்றார்.

அவர் உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்று பாருங்கள். அவருடைய மாநிலத்துக்கு மட்டும் என்றால், தமிழ்நாட்டில் வாங்கிய நிமிடமே அவர் எல்லை மீறியவர். நாடு முழுவதும் செல்லும் உரிமமோ, இந்தப் பயணத்துக்கான எழுத்து அனுமதியோ வேண்டும். இரண்டு அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று எழுதிச் சரிபார்க்கும்வரை பொறுமையாக இருங்கள். காலம் பிடிக்கும்.

பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஆளைப் பார்த்தா மனசுக்குச் சரியா படலை. மறுக்கலாமா?

தாராளமாக. யாருக்கும் விற்றே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சில இடங்களில் மறுப்பது கடமையும்கூட. 21 வயது ஆகாதவர், வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்று அது முடிந்து 5 ஆண்டு ஆகாதவர், அமைதி காக்கப் பிணை எழுதிக் கொடுத்து அதன் காலம் முடியாதவர், மனநலம் குன்றிய நிலையில் இருப்பவர் ஆகியோருக்கு, அப்படி என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ விற்கக் கூடாது என்கிறது பிரிவு 9. "நம்பக் காரணம்" என்பதைக் கவனியுங்கள். குடித்துவிட்டு வந்தார், பங்காளிச் சண்டை பற்றிப் பேசினார், வேறொருவருக்காக வாங்குவது போலப் பேசினார் என்றால் அது உங்களுக்குத் தெரிந்த விஷயம் ஆகிவிட்டது. கடிதம் கொடுத்தாகிவிட்டது என்றால், விற்பனையைக் கைவிடுகிறேன் என்று அதே இரண்டு அலுவலகங்களுக்கும் இன்னொரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

துப்பாக்கியில எண் தேய்ஞ்சு போச்சு. திரும்பப் பொறிச்சு வித்துடலாமா?

நீங்களாகக் கை வைக்காதீர்கள். தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்பதைப் பிரிவு 8 தடுக்கிறது. அடையாளத்தை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். பட்டறையில் கொடுத்துப் பொறித்தால் நல்லெண்ணத்தோடு செய்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தேய்ந்த எண்ணின் படம், உரிமம், பழைய ரசீது மூன்றையும் வைத்து உரிம அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் எழுத்தில் சொல்லும் வழியில்தான் எண் திரும்பப் பொறிக்கப்பட வேண்டும். அது முடியும்வரை விற்பனைக் கடிதம் கொடுக்க வேண்டாம். அந்தக் கடிதத்தில் எழுத உங்களிடம் எண் இருக்காது.